நுழைவு மதிப்பெண்ணை வைத்துக் கல்லூரி மாணவர்களை எடைபோடலாமா?

பாலக்காட்டு எல்லையோரக் கோபாலபுரத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்விக்கு இந்தப் பதிலை எழுதுகிறேன். அவருடைய மகன் ஆறாம் வகுப்பு முதல் தினமும் எல்லையைத் தாண்டிப் பேருந்தில் பொள்ளாச்சிக்குப் போய்ப் படித்து, இந்த ஆண்டு அங்கேயே பிளஸ் டூ முடித்திருக்கிறான். தமிழ்நாட்டுப் பொறியியல் கவுன்சிலிங்கில் அவன் கட் ஆஃப் 188. கேரளத்தின் பொறியியல் நுழைவுத் தேர்வான கீமில் ஆறாயிரத்தை ஒட்டிய ரேங்க். என்ஐடி போன்றவற்றுக்கான தேசிய நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயினில் 94 பர்சன்டைல். கோவையில் ஒரு கல்லூரியும் திருச்சூரில் ஒரு கல்லூரியும் அவர்கள் மனத்தில் இருக்கின்றன. இரண்டில் எங்கே நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதைச் சென்ற ஆண்டு சேர்ந்தவர்களின் மதிப்பெண்ணை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா என்பது அவர் கேள்வி. 185-க்குக் கீழே எடுத்தவர்களைச் சேர்க்கிற கல்லூரியில் போட்டால் பையன் வீணாகிவிடுவான் என்று அவருடைய கொழுந்தனார் சொன்னதாகவும் எழுதியிருக்கிறார்.

அம்மா, ஓரளவுக்குக் கண்டுபிடிக்கலாம். வாளையாற்று எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரிகளில் கணிதமும் புள்ளியியலும் நடத்தியவன் என்பதால், அந்த எண்களுக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எந்த எண் எதைச் சொல்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் இரண்டு கல்லூரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தவறான முடிவுக்கே வருவோம்.

முதலில் அளவைகளைப் பார்ப்போம். நம் பாட்டன்மார் காலத்தில் பாலக்காட்டுப் பறையில் அளந்த நெல்லைப் பொள்ளாச்சிச் சந்தையில் வள்ளத்தில் அளந்தால் எவ்வளவு வரும் என்பதை எல்லையோரத்துக் குடியானவர்கள் மனக்கணக்காகவே வைத்திருந்தார்கள். உங்கள் பையனின் மூன்று எண்களும் அப்படி மூன்று வெவ்வேறு அளவைகளில் வந்தவை. ஒன்றை இன்னொன்றாக மாற்ற யாரிடமும் வாய்பாடு இல்லை. தமிழ்நாட்டில் 2007 முதல் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ கணிதத்தை நூறுக்கும், இயற்பியலையும் வேதியியலையும் ஐம்பது ஐம்பதுக்கும் குறைத்துக் கூட்டினால் வருவதுதான் அந்த 200. கீம் ரேங்கில் பாதி பிளஸ் டூ மதிப்பெண், பாதி நுழைவுத் தேர்வு. இன்னொரு எல்லையில், ஆந்திரத்துச் சித்தூரிலும் நகரியிலும் குப்பத்திலும் இருக்கும் நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் எழுதும் ஈஏபிசெட் என்ற நுழைவுத் தேர்வின் ரேங்கில் தேர்வுக்கு முக்கால் பங்கு, இன்டர்மீடியட் மதிப்பெண்ணுக்குக் கால் பங்கு. ஒரே பிள்ளையை இந்த மூன்று மாநிலங்களிலும் நிறுத்தினால் மூன்று வெவ்வேறு வரிசைகளில் மூன்று வெவ்வேறு இடங்களில் நிற்பான்.

ஒரே அளவை கூட ஆண்டுக்கு ஆண்டு நீளும், சுருங்கும். தமிழ்நாட்டுப் பிளஸ் டூ தேர்வில் 2024-ல் வேதியியலில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் 471 பேர். 2025-ல் 3,181 பேர். கவுன்சிலிங்கில் 200-க்கு 200 கட் ஆஃப் பெற்றவர்கள் 2024-ல் 65 பேர், அடுத்த ஆண்டு 144 பேர். ஓராண்டுக்குள் மாநிலத்துப் பிள்ளைகளின் வேதியியல் அறிவு ஏழு மடங்கு பெருகிவிடவில்லை, வினாத்தாள் மாறியது. ஆகவே ஒரு கல்லூரியின் கடைசி கட் ஆஃப் 182-லிருந்து 185-க்கு உயர்ந்திருந்தால் அந்தக் கல்லூரிக்குக் கிராக்கி கூடிவிட்டது என்று உடனே எடுத்துக்கொள்ள வேண்டாம். கட் ஆஃபை விட்டுவிட்டு அந்த இடத்துக்கு உரிய பொதுத் தரவரிசை எண்ணைப் பாருங்கள். வினாத்தாள் எளிதானாலும் கடினமானாலும் வரிசையில் பத்தாயிரமாவது ஆள் பத்தாயிரமாவது ஆள்தான்.

கேரளத்தில் 2025-ல் நடந்ததை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். வெவ்வேறு போர்டுகளின் பிளஸ் டூ மதிப்பெண்களைச் சமன்படுத்தும் சூத்திரத்தைக் கடைசி நேரத்தில் மாற்றிக் கீம் ரேங்க் பட்டியலை வெளியிட்டார்கள். ஜூலை மாதம் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. பழைய சூத்திரப்படி மறுபடியும் பட்டியல் போட்டபோது மாநிலப் பாடத்திட்டத்தில் படித்த பல பிள்ளைகள் கீழே இறங்கினார்கள், சிபிஎஸ்இ பிள்ளைகள் மேலே வந்தார்கள். விடைத்தாளில் ஓர் எழுத்து மாறவில்லை. எந்தச் சூத்திரம் நியாயமானது என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. ரேங்க் என்பது பிள்ளையின் மண்டைக்குள்ளிருந்து நேரே எடுத்த எண் அல்ல, நடுவில் ஒரு கணக்கு இருக்கிறது என்பதை அந்த இரண்டு பட்டியல்களும் எல்லாருக்கும் காட்டின.

பர்சன்டைல் விஷயத்தில் படித்தவர்களே தடுமாறுகிறார்கள். 94 பர்சன்டைல் என்றால் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு மதிப்பெண் அல்ல. நூறு பேரில் 94 பேர் அவன் அளவிலோ அவனுக்குக் கீழோ நிற்கிறார்கள் என்று பொருள். ஜேஇஇ மெயினை அண்மை ஆண்டுகளில் சுமார் 14 லட்சம் பேர் எழுதுகிறார்கள். அதனால் ஒரு பர்சன்டைல் என்பது 14 ஆயிரம் பேர். உங்கள் பையனுக்கு முன்னால் ஏறக்குறைய 84 ஆயிரம் பேர் நிற்கிறார்கள். 99 பர்சன்டைல் வாங்கியவனுக்கு முன்னால் 14 ஆயிரம் பேர். கூட்டம் நெருக்கமாக இருக்கும் நடுப்பகுதியில் ஒரே ஒரு சரியான விடை பல ஆயிரம் பேரைத் தாண்டிக் கொண்டுபோய்விடும். உச்சியில் 99-க்கும் 100-க்கும் நடுவில் இருக்கும் மதிப்பெண் இடைவெளியோ மிகப் பெரியது. எனவே ஒரு கல்லூரியில் 92 பர்சன்டைல் பிள்ளைகளும் இன்னொன்றில் 94 பர்சன்டைல் பிள்ளைகளும் சேர்கிறார்கள் என்றால் வகுப்பறையில் அந்த வித்தியாசம் ஆசிரியர் கண்ணுக்கே படாது. 99-க்கும் 99.9-க்கும் உள்ள வித்தியாசம் முதல் வாரத்திலேயே தெரியும்.

அடுத்து, நாம் கையில் வைத்திருக்கும் எண் கல்லூரியின் எந்த மாணவனுடையது என்று பார்க்க வேண்டும். நம் நாட்டில் வெளியாவது பெரும்பாலும் கடைசியாகச் சேர்ந்தவரின் எண். ஐஐடி, என்ஐடிகளுக்கு இடம் ஒதுக்கும் ஜோசா தொடக்க ரேங்கையும் முடிவு ரேங்கையும் வெளியிடுகிறது. நடுவில் இருப்பவர்கள் எப்படிப் பரவியிருக்கிறார்கள் என்பது அதில் இராது. இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கல்லூரியில் ஐந்து பேர் 186, 187, 188, 189, 190 கட் ஆஃபில் சேர்கிறார்கள். இன்னொன்றில் 165, 178, 188, 195, 198. நடுவில் நிற்பவர் இரண்டிலும் 188-தான். கடைசி எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டாவது கல்லூரி வெகுவாகத் தாழ்ந்தது போல் தோன்றும். உங்கள் பையனைவிட முன்னால் இருப்பவர்களோடு பழக வாய்ப்பு எங்கே அதிகம் என்று கேட்டால் அந்த இரண்டாவது கல்லூரியைத்தான் காட்டுவேன். கொழுந்தனார் சொன்னது அக்கறையில் சொன்னது. ஆனால் அவர் வரிசையின் வாலை மட்டும் பார்த்திருக்கிறார்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் மேலான பழக்கம் வைத்திருக்கின்றன. அங்கே கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதும் எஸ்ஏடி தேர்வின் மதிப்பெண் 400 முதல் 1600 வரை; சேர்ந்தவர்களை வரிசைப்படுத்திக் கீழிருந்து கால்பங்கில் நிற்பவரின் மதிப்பெண்ணையும் முக்கால்பங்கில் நிற்பவரின் மதிப்பெண்ணையும் வெளியிடுவார்கள். வகுப்பின் நடுப்பாதி எந்த இடைவெளிக்குள் இருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். அங்கேயும் ஒரு சிக்கல் வந்தது. பெருந்தொற்றுக் காலமான 2020-ல் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் மதிப்பெண் கொடுப்பதும் கொடுக்காததும் விண்ணப்பிப்பவர் விருப்பம் என்று ஆக்கின. நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் கொடுத்தார்கள், மற்றவர்கள் மறைத்தார்கள். சேர்ந்த பிள்ளைகளின் தரத்தில் மாற்றம் இல்லாதபோதும் வெளியான எண்கள் மேலே ஏற இது ஒன்றே போதும். அந்தப் பல்கலைக்கழகங்களில் எம்ஐடி 2022-லும் டார்ட்மவுத் 2024-லும் தேர்வை மறுபடியும் கட்டாயமாக்கின. வசதி குறைந்த பள்ளிகளிலிருந்து வருபவர்களில் யார் கணிதத்தில் தயாராக இருக்கிறார் என்று மதிப்பெண் இல்லாமல் கண்டறிவது கடினமாகிறது என்று எம்ஐடி சொன்னது. தமக்கு உதவியிருக்கக்கூடிய மதிப்பெண்ணையே வசதியற்ற மாணவர்கள் குறைவு என்று நினைத்துக் கொடுக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று டார்ட்மவுத் கண்டது. தேர்வே ஏழைகளுக்கு எதிரானது என்று ஒரே அடியாகச் சொல்பவர்களும் இந்த இரண்டையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

எல்லையோரத்தில் இருப்பதால் உங்களுக்கு இன்னொன்றும் முக்கியம். ஒவ்வொரு என்ஐடியிலும் பாதி இடம் அந்த மாநிலத்தவருக்கு, மீதிப் பாதி பிற மாநிலத்தவருக்கு. எந்த மாநிலத்தவர் என்பதை வீட்டு முகவரி தீர்மானிப்பதில்லை. பிளஸ் டூ எந்த மாநிலத்தில் தேறினாரோ அதுவே கணக்கு. ஆகவே கோபாலபுரத்தில் குடியிருந்தாலும் உங்கள் பையனுக்குத் திருச்சி என்ஐடியில்தான் சொந்த மாநில ஒதுக்கீடு. கோழிக்கோட்டில் அவன் வெளிமாநிலத்தவன். ஒரே கல்லூரியில், ஒரே பிரிவில், ஒரே வகுப்பறையில் இரண்டு வாசல் வழியாகப் பிள்ளைகள் வந்து உட்காருகிறார்கள். இரண்டு வாசலுக்கும் முடிவு ரேங்க் வேறு வேறு. அதோடு ஒவ்வோர் இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கும், பெண்களுக்கான கூடுதல் இடங்களுக்கும் தனித்தனி முடிவு ரேங்க் உண்டு. இவற்றில் ஒன்றை எடுத்து இந்தக் கல்லூரி மாணவர்களின் தரம் இது என்று சொன்னால் அது எந்த வாசலில் நின்று பார்த்தவர் சொல் என்று கேட்க வேண்டும். ஐஐடிகளில் இந்தச் சொந்த மாநிலக் கணக்கு இல்லை. 2015-ல் நம் கோழிப்பாறையில் தற்காலிக வளாகத்தில் தொடங்கி இன்று கஞ்சிக்கோட்டில் நிற்கும் பாலக்காடு ஐஐடியில் நாடெங்கிலுமிருந்து பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள். அதன் ரேங்குகளை வைத்துப் பாலக்காட்டுப் பிள்ளைகளைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

சரி, மதிப்பெண் உண்மையாகவே எதைக் காட்டுகிறது? முதல் ஆண்டில் ஆசிரியர் எந்த வேகத்தில் பாடம் நடத்த முடியும் என்பதை நன்றாகவே காட்டும். வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்குத் தொகையீடு சரளமாக வருமென்றால் முதல் வாரத்திலேயே வகைக்கெழுச் சமன்பாட்டுக்குள் போய்விடலாம்; இல்லையென்றால் ஒரு மாதம் பிளஸ் டூ பாடத்தையே திரும்ப நடத்த வேண்டியிருக்கும். இது சிறிய விஷயம் அல்ல. வேகமாகப் போகும் வகுப்பில் மெதுவான பிள்ளையும், மெதுவான வகுப்பில் வேகமான பிள்ளையும் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

மதிப்பெண்ணில் பயிற்சியும் வீட்டு வசதியும் கலந்திருக்கின்றன. நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் முதல் பருவத் தேர்வில் ஒரு கணக்குக் கொடுத்தேன்: பரவளையம் y = x², நேர்கோடு y = x + 2; இரண்டுக்கும் இடைப்பட்ட பரப்பு என்ன? திருச்சூரில் ஓராண்டு கோச்சிங்கில் இருந்து நுழைவுத் தேர்வை மறுபடி எழுதி நல்ல ரேங்கோடு வந்த ஒரு பையன் இரண்டே வரியில் 4.5 என்று எழுதியிருந்தான். வெட்டும் புள்ளிகளின் வித்தியாசம் மூன்று, அதன் கனம் 27, ஆறால் வகுத்தால் 4.5, கோச்சிங்கில் சொல்லிக்கொடுக்கும் குறுக்குவழி, சரியான விடை. பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் தமிழ் வழியில் பத்தாவது வரை படித்து வந்த ஒரு பெண், பென்சிலால் படம் வரைந்து, மைனஸ் 1, 2 என்ற புள்ளிகளைக் கண்டு, தொகையிட்டு, மைனஸ் ஒன்றைப் பிரதியிடும்போது குறியைத் தவறவிட்டுத் தப்பான எண்ணில் முடித்திருந்தாள். அடுத்த கணக்கில் y = x³ வளைவும் y = x கோடும். பையன் அதே குறுக்குவழியைப் போட்டுப் பார்த்து, இரண்டு முறை அடித்து, விட்டுவிட்டான். அந்தப் பெண் மறுபடியும் படம் வரைந்தாள். இடப்பக்கம் ஒரு துண்டும் வலப்பக்கம் ஒரு துண்டும் இருப்பதையும், மொத்தமாகத் தொகையிட்டால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துப் பூச்சியமாகிவிடும் என்பதையும் கண்டு, தனித்தனியாகக் கால் கால் என்று எடுத்து அரை என்று முடித்தாள். நுழைவுத் தேர்வாக இருந்திருந்தால் முதல் கணக்கில் பையனுக்கு நான்கு மதிப்பெண். அவளுக்கு மைனஸ் ஒன்று. பையனைக் குறைத்துச் சொல்லவில்லை. அவனுடைய இயற்கணித வேகம் உழைத்துச் சம்பாதித்தது. படம் வரையச் சொல்லிக்கொடுத்த சில வாரங்களில் அவன் தேறிவிட்டான். இரண்டு பேரிடமும் வெவ்வேறு திறமைகள் இருந்தன. நுழைவு ரேங்கில் அவற்றில் ஒன்று மட்டுமே பதிவாகியிருந்தது.

வீட்டு வசதியும் அப்படித்தான். பொருளியலாளர் ராஜ் செட்டியும் அவருடைய இரண்டு சகாக்களும் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் மிகப் பெயர்பெற்ற பன்னிரண்டு தனியார் பல்கலைக்கழகங்களில், ஒரே தேர்வு மதிப்பெண் வாங்கியவர்களுக்குள் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளைவிட மேல்தட்டு ஒரு சதவீதக் குடும்பத்துப் பிள்ளைகள் சேரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்ததைக் கண்டார்கள். ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் கூட்டம் எப்படித் திரண்டது என்பதை மதிப்பெண் மட்டும் சொல்லாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். நம் பக்கத்தில், தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020-லும் பொறியியலில் 2021-லும் வந்தது. கட் ஆஃப் குறைவாக அந்த வழியில் வருபவர்களைத் தரத்தைக் குறைப்பவர்களாகப் பேசுவது எனக்கு வருத்தம் தருகிறது. அந்த மதிப்பெண்ணை அவர்களில் பலர் டியூஷன் இல்லாமல் வாங்கியிருக்கிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் கேரள அரசின் தமிழ் வழிப் பள்ளிகளில் படித்த நம் பிள்ளைகளுக்கு அந்த ஒதுக்கீடும் கிடையாது.

மதிப்பெண் சொல்லவே சொல்லாத ஒன்று உண்டு: உள்ளே போன பிறகு கல்லூரி என்ன செய்கிறது என்பது. கல்லூரிகளுக்கு மத்திய அரசு போடும் என்ஐஆர்எஃப் தரவரிசையின் ஐந்து தலைப்புகளில் நுழைவு மதிப்பெண் ஒரு தலைப்பாக இல்லை. அது சரியான முடிவு என்றே கருதுகிறேன். அமெரிக்காவில் டேல், க்ரூகர் என்ற இருவர் 2002-ல் வெளியிட்ட ஆய்வு, பெயர்பெற்ற கல்லூரியிலும் அத்தனை பெயர் இல்லாத கல்லூரியிலும் இடம் கிடைத்து இரண்டாவதில் சேர்ந்தவர்களின் பிற்கால வருமானம், முதலாவதில் சேர்ந்தவர்களோடு ஏறக்குறைய சமமாகவே இருந்ததைக் காட்டியது. வசதி குறைந்த குடும்பத்து மாணவர்களுக்கு மட்டும் பெயர்பெற்ற கல்லூரியால் பலன் தெரிந்தது. நல்ல விதையை எடுத்துக்கொண்டு நல்ல விளைச்சல் காட்டுவதில் நிலத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்த ஆய்வு அது.

அந்தப் பிரித்தலை நீங்களும் வீட்டிலிருந்தே ஓரளவு செய்யலாம். நுழைவு மதிப்பெண் அதற்குத்தான் மிகவும் பயன்படும். அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி சதவீதத்தைப் பருவந்தோறும் வெளியிடுகிறது. கோவைக் கல்லூரியோடு ஏறக்குறைய ஒரே தரவரிசையில் இடம் முடிகிற நான்கைந்து கல்லூரிகளை எடுத்துக்கொண்டு, அவற்றுக்குள் தேர்ச்சி சதவீதத்தை ஒப்பிடுங்கள். ஒரே மாதிரியான பிள்ளைகளை வாங்கிக்கொண்டு ஒரு கல்லூரி எண்பது பேரைத் தேற்றுகிறது, இன்னொன்று ஐம்பது பேரைத் தேற்றுகிறது என்றால் அந்த முப்பதுக்குப் பெரும்பாலும் கல்லூரியே பொறுப்பு. தன்னாட்சிக் கல்லூரிகள் தாமே தேர்வு நடத்துவதால் அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். திருச்சூர்க் கல்லூரிக்கு நேரே போய், உங்கள் பையன் சேர நினைக்கும் துறையில், நான்கு ஆண்டுக்கு முன் சேர்ந்தவர்களில் அரியர் இல்லாமல் பட்டம் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். கல்லூரி மொத்தத்துக்கும் சொல்லும் எண்ணை ஏற்க வேண்டாம். கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்பவர்களும் சிவிலில் சேர்பவர்களும் ரேங்கில் வெகுதூரம் தள்ளி நிற்பவர்கள்.

இன்னும் ஒன்று. நீங்கள் அனுப்பிய குறிப்பில் கோவைக் கல்லூரிக்கு எழுதியிருக்கும் எண் முதல் சுற்றில் முடிந்தது என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் பொதுக் கவுன்சிலிங் மூன்று சுற்றாக நடக்கிறது. முதல் சுற்றில் மேல் ரேங்குக்காரர்கள் மட்டுமே இடம் எடுப்பதால் அந்த எண் எல்லாக் கல்லூரிக்கும் உயரமாகவே தெரியும். மூன்றாம் சுற்றும் முடிந்த பிறகு வந்த பட்டியலில், அந்தக் கவுன்சிலிங்கில் உங்கள் பையனுக்கு உரிய பிரிவின் வரியைத் தேடி, கடைசி மூன்று ஆண்டுகளுக்கும் அந்த எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகு விருப்பப் பட்டியலை நிரப்பத் தொடங்குங்கள்.